நானூறு பேருக்கும் பெயர் இருந்தது

வீராம்பட்டினத்தில் ஆடித் திருவிழாவையொட்டிய கலை இரவில் ஆற்றிய உரை

திருவிழா மேடை, நாலு நல்ல வார்த்தை பேசுங்கள் என்றுதான் என்னை அழைத்தார்கள். நல்ல வார்த்தை பேசும் மனநிலையில் நான் வரவில்லை. என் கையில் இருப்பது நகரத்தில் நடந்த ஒரு நாட்டிய விழாவின் மலர். நடத்தியவர் பெயர் வேண்டாம். இப்படி எழுதுகிறவர் அவர் ஒருவர் மட்டும் என்றால் நான் மேடை ஏறியிருக்கவே மாட்டேன். முதல் பக்கத்தில் பரதநாட்டியத்தின் வரலாறு. பரத முனிவர் அருளினார், கோயில்களில் வளர்ந்தது, பிறகு ஒழுக்கம் கெட்டவர்கள் கையில் சிக்கிச் சீரழிந்தது, 1930-களில் நல்ல குடும்பத்துப் பெரியவர்கள் அதை மீட்டுத் தூய்மை செய்தார்கள் என்று அரைப் பக்கத்தில் ஆயிரம் ஆண்டை முடித்துவிட்டார்கள். உள்ளே ஆடுகிற குழந்தைகளின் படம், பெயர், குருவின் பெயர், குருவுக்குக் குருவின் பெயர். நல்ல வழக்கம், அப்படித்தான் போட வேண்டும். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: மாலை 5 மணிக்கு வாசலில் வரவேற்பு, கரகாட்டம் மற்றும் பறையாட்டக் குழுவினர். குழுவினர்! அமைச்சர் கார் வரும்வரை நின்று அடித்தவர்களுக்கு, தலையில் கரகத்தை வைத்துக்கொண்டு தார்ச்சாலையில் வெறுங்காலோடு ஆடியவர்களுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் இல்லையா? முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒரே மனம்தான் எழுதியிருக்கிறது. ஆட்டத்தை எடுத்துக்கொண்டு ஆடியவளை விட்டுவிடுவது முதல் பக்கம். ஆடுகிறவரைக் கண்ணெதிரே நிறுத்திக்கொண்டே அவர் பெயரை விட்டுவிடுவது கடைசிப் பக்கம். இதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ராஜராஜ சோழன் தஞ்சாவூரில் பெரிய கோயிலைக் கட்டினான். சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து ஆடல் மகளிர் நானூறு பேரைக் கொண்டுவந்து கோயிலைச் சுற்றிக் குடிவைத்தான். தளிச்சேரிப் பெண்டுகள் என்று அவர்களைக் கல்வெட்டு சொல்கிறது. 1014-ஆம் ஆண்டையொட்டி வெட்டிய அந்தக் கல்வெட்டு இன்றும் கோயில் சுவரில் இருக்கிறது, போகிறவர்கள் தடவிப் பார்க்கலாம். எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, அதாவது எந்தப் பக்கத்து வரிசை, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன என்று நானூறு பேருக்கும் தனித்தனியாக வெட்டியிருக்கிறான். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகில் தலைவீடு, திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. இப்படித் தொடங்கி வீடு வீடாகப் போகிறது பட்டியல். ஆளுக்கு ஒரு பங்கு, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவம் செய்தவர், பாடியவர், கொட்டியவர், தைத்தவர், துணி வெளுத்தவர் வரைக்கும் அந்தக் கணக்கில் வருகிறார்கள். ராஜராஜனை உழைப்பாளிகளின் தோழனாக்க நான் முயலவில்லை. அந்தப் பெண்களை அவன் விருப்பம் கேட்டா அழைத்துவந்தான் என்பதற்குக் கல்வெட்டில் பதில் கிடையாது. ஆனால் கூலி கொடுக்க வேண்டும் என்ற பொறுப்பு அவனுக்கு இருந்தது. கூலி கொடுக்கிறவனுக்குப் பெயர் தேவைப்படும். யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்குத்தான் குழுவினர் என்ற சொல் போதும். உளியும் சுத்தியும் வைத்துக் கல்லில் வெட்டியவன் நானூறு பெயரையும் வெட்டினான். கம்ப்யூட்டரில் தட்டி ஆப்செட்டில் அடிக்கிற உங்களுக்கு எட்டுப் பெயர் போட இடமில்லையா?

இங்கே ஒரு மறுப்பு வரும். நாட்டியம் வந்தது சாஸ்திரத்திலிருந்து, ஆடியவர் யாராக இருந்தால் என்ன என்பார்கள். இவர்கள் சொல்கிறபடி பார்த்தால் பரத முனிவர் புத்தகத்தை எழுதி அஞ்சலில் போட, அது நேராக 1930-இல் சென்னையில் வந்து சேர்ந்திருக்க வேண்டும்! நாட்டிய சாஸ்திரம் பெரிய நூல், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் புத்தகம் ஆடாது. அரைமண்டியில் முழங்காலை எவ்வளவு விரிப்பது, பாதத்தை எப்படித் தட்டினால் சலங்கை ஒரே ஒலியாக விழும், சொல்லுக்கட்டு முடிகிற இடத்தில் மூச்சை எங்கே பிடிப்பது, இவையெல்லாம் ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குத்தான் போகும். நட்டுவனார் தட்டுக்கழியைத் தட்டிச் சொல்லிக்கொடுக்க, பெண் ஆடிக் காட்ட, அடுத்த பெண் பார்த்துப் பிடிக்க, அப்படித்தான் வந்தது. அந்த உடம்புகளைக் கழித்துவிட்டால் மிச்சம் காகிதம்தான். தமிழிலேயே சிலப்பதிகாரம் இருக்கிறதே. மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு கற்று, பன்னிரண்டு வயதில் அரங்கேறினாள். ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு தந்திருக்கிறார் இளங்கோவடிகள். திரைகள் மூன்று வகை. ஆடலாசிரியனுக்கும், இசையாசிரியனுக்கும், மத்தளம் கொட்டுகிறவனுக்கும், குழல் ஊதுகிறவனுக்கும், யாழ் மீட்டுகிறவனுக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்கிறார். அதே காப்பியத்தில் வேட்டுவர் ஆடுகிறார்கள், ஆய்ச்சியர் குரவை ஆடுகிறார்கள், மலைக்குறவர் குரவை ஆடுகிறார்கள், நம்மைப் போன்ற கடற்கரைக்காரர்களின் பாட்டுக்குக் கானல்வரி என்று தனிக் காதை இருக்கிறது. தலைக்கோல் பட்டம் பெற்ற மாதவி ஆடினால் கலை, மாடு மேய்க்கிற பெண் ஆடினால் வரவேற்பு நிகழ்ச்சி என்று இளங்கோ பிரிக்கவில்லை. ஆய்ச்சியரை வாசலில் நிறுத்தவும் இல்லை, காப்பியத்தின் நடுவில் ஒரு காதையையே அவர்களிடம் கொடுத்தார். மேடைக்கும் வாசலுக்கும் நடுவே இப்போது நிற்கிற சுவர் பழைய சுவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். இங்கிருந்து பாகூர் தாண்டிக் கடலூர், கடலூரை ஒட்டித் திருவந்திபுரம், தேவநாதப் பெருமாள் கோயில். நம் ஊரில் கல்யாணம் செய்துவைக்க அங்கே போகாத குடும்பம் குறைவு. அந்தக் கோயிலில் ஆடிய ஐந்து பெண்களை 1838-இல் தார்திவேல் என்ற பிரெஞ்சு வணிகர் ஒப்பந்தம் போட்டுக் கப்பலில் பிரான்சுக்கு அழைத்துப் போனார். போர்தோ துறைமுகத்தில் இறங்கி, பாரிஸ் போய், ஆகஸ்டு மாதம் வரியெத்தே அரங்கில் ஆடினார்கள். அதுவரைக்கும் பாரிஸ்காரர்களுக்கு இந்திய ஆடல் மகள், அவர்கள் வாயில் பயதேர், என்றால் அவர்களே கற்பனையாகச் செய்துகொண்ட பொம்மைதான். 1830-லிருந்து கடவுளும் பயதேரும் என்ற ஆட்டத்தில் மரி தாலியோனி என்ற ஐரோப்பியப் பெண்மணி விரல்நுனியில் நின்று நம்மவளாக நடித்துக்கொண்டிருந்தார். இப்போது மெய்யான ஆட்டக்காரிகள் வந்து நின்றார்கள். மூத்தவர் தில்லம்மாள். பதினெட்டு வயது அம்மணி. பிறகு ரங்கம், சுந்தரம். கடைக்குட்டி வேதம், ஆறு வயதுக் குழந்தை. கூட வந்த பக்கவாத்தியக்காரர்கள் ராமலிங்கம், சரவணன், தேவநாயகம். தெயோஃபீல் கோத்தியே என்ற பெரிய எழுத்தாளர் அம்மணியின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பத்திரிகையில் விரிவாக எழுதினார். ஒகுஸ்த் பார் என்ற சிற்பி அம்மணி ஆடுகிற நிலையை வெண்கலத்தில் வார்த்தார். பாரிசிலிருந்து லண்டனுக்குப் போய் அடெல்ஃபி அரங்கில் ஆடினார்கள். பிரெஞ்சுக்காரன் உத்தமன் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் டிக்கெட் விற்றான், அவர்கள் தோலின் நிறத்தைக் காட்சிப்பொருளாக வருணித்தான், ஆறு வயதுக் குழந்தையை மேடையேற்றினான். எல்லாம் உண்மை. பிற்பாடு 1877-இல் ருசியாவில் பயதேர் என்ற பெயரிலேயே ஒரு பாலே போட்டு இன்று வரைக்கும் உலகமெல்லாம் ஆடுகிறார்கள், அதில் திருவந்திபுரத்தின் வாசனை கொஞ்சமும் கிடையாது. ஆனாலும் அந்த டிக்கெட் விற்றவன்கூடப் பெயரைச் சொல்லித்தான் விற்றான். பாரிஸ் பத்திரிகைகளில் தங்களுக்கு வாய்த்த உச்சரிப்பில் ஐந்து பெண்களின் பெயரையும் அச்சடித்தார்கள். அதனால்தான் ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து இந்த மணலில் நின்றுகொண்டு அவர்கள் பெயரை என்னால் சொல்ல முடிகிறது. என் கையிலிருக்கும் மலரில் பரதநாட்டியம் முதன்முதலில் கடல் கடந்தது பற்றி ஒரு வரி இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டில் என்று போட்டிருக்கிறார்கள். அம்மணி போய் வெண்கலத்தில் நின்ற பிறகு, ஒரு நூற்றாண்டு கழித்து! அதுவும் புதுச்சேரியில் அச்சான மலரில்!

சரி, 1930-களில் மீட்டார்களே, அது என்ன என்று பார்ப்போம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அது நியாயமான போர். அவருடைய தாயாரே இசை வேளாளர் குலத்தவர், வலி தெரிந்து பேசியவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கைக்குள்ளிருந்து வெளியே வந்து, 1936-இல் தாசிகள் மோசவலை என்ற நாவலையே எழுதி மேடை மேடையாகப் போராடினார். எதிர்ப்பக்கம் இ. கிருஷ்ணய்யர், ஆட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று வாதாடினார், தாமே வேடம் கட்டி ஆடிக் காட்டினார். அவருடைய ஊக்கத்தில் சென்னை மியூசிக் அகாடமி 1931 மார்ச்சில் ஒரு சதிர்க் கச்சேரி வைத்தது, பரதநாட்டியத்துக்கு அப்போதைய பெயர் சதிர். அதில் ஆடிய பெண்களே 1933-இல் மறுபடி ஆடியபோது கூட்டம் நிரம்பியது, அதற்குப் பிறகுதான் பெரிய இடத்துப் பிள்ளைகள் கற்க முன்வந்தார்கள். வரலாற்றில் அந்தக் கச்சேரிக்கு ஒரு பெயர் உண்டு. கல்யாணியின் பெண்கள் ஆடிய கச்சேரி! எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான். கச்சேரி வைத்தவர் பெயர் தெரியும், தலைமை தாங்கியவர் பெயர் தெரியும், ஆடியவர்கள் மட்டும் யாரோ ஒருத்தியின் பெண்கள். அம்மா தாய்மார்களே, அவர்கள் பெயர் ராஜலட்சுமி, ஜீவரத்தினம். திருவாளப்புத்தூர்க்காரர்கள். புதிய காலத்தின் கதவைத் திறந்தவர்கள் அந்த இரண்டு பேர். கதவு திறந்ததும் உள்ளே போனவர்கள் பெயரெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

ருக்மிணி தேவி 1935 டிசம்பரில் அடையாற்றில் ஆடினார், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். அவர் செய்த வேலையை நான் இழிவுபடுத்த மாட்டேன். உடை, ஒளி, மேடை, பள்ளி ஒழுங்கு எல்லாவற்றிலும் அவர் கண்ணும் உழைப்பும் இருக்கின்றன. ஆனால் குப்பையில் கிடந்த மாணிக்கத்தை எடுத்துக் கழுவினார்கள் என்று இந்த மலர்க்காரர்கள் எழுதும்போது எனக்கு ஒரு கேள்வி வருகிறது. கழுவக் கற்றுக்கொடுத்தது யார்? ருக்மிணி தேவிக்கு ஆட்டம் சொல்லித் தந்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, அபிநயம் சொல்லித் தந்தவர் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாள். இன்று உலகம் முழுக்க அரங்கேற்றத்தில் ஆடுகிற வரிசை, அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா, அதைச் செப்பனிட்டவர்கள் தஞ்சை சரபோஜி அரண்மனையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள். எல்லாரும் அந்தச் சீரழிந்தவர்கள் கூட்டம்தான்! அப்படியானால் சீரழிந்தது எது? ஆட்டம் சீரழிந்திருந்தால் அவர்களிடம் போய்க் கற்றிருக்க முடியாது. ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது, ஆடியவள் பிறந்த வீடுதான் இவர்களுக்கு உறுத்தியது. வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி அந்த வீட்டில் பிறந்து, அந்த வீட்டை மறைக்காமல், அந்த வீட்டுப் பதங்களை மேடையில் பாடி ஆடினார். சிருங்காரத்தை வெட்டியெறிந்தால் ஆட்டம் தூய்மையாகும் என்ற பேச்சை அவர் கடைசி வரைக்கும் ஏற்கவில்லை. 1975-இல் சென்னைத் தமிழ் இசைச் சங்கத்தில் தலைமையுரை ஆற்றியபோது அதை வெளிப்படையாகவே சொன்னார். உலகமே எழுந்து நின்று வணங்கியது அவருக்கு. சீரழிந்த கை என்று எழுதுகிறவர்கள் முதலில் பாலசரஸ்வதியின் கையைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

உடனே அடுத்த மறுப்பு: பொட்டுக்கட்டும் கொடுமையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறாயா? இல்லவே இல்லை. ஒரு சிறுமியைக் கேட்காமல் சாமிக்குக் கட்டிவைத்து, அவள் உடம்புக்குப் பண்ணையாரிடம் விலை பேசிய வழக்கம் ஒழிந்தது நல்லது. ஒழித்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். என் வழக்கு வேறு. வழக்கத்தை ஒழித்தபோது அந்தப் பெண்ணின் கையிலிருந்த தொழிலையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்ததோடு நிற்கவில்லை. கோயில் வளாகத்துக்குள்ளும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதே குற்றம் என்றது. நாம் அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்தோம், சட்டம் இந்தக் கரை வரைக்கும் வரவில்லை, ஆனால் அந்தக் காலத்தின் காற்று வந்துவிட்டது. சரி, குற்றம் என்றால் எல்லாருக்கும் குற்றமாகத்தானே இருக்க வேண்டும்? 1981-இல் சிதம்பரம் நடராசர் கோயிலில் நாட்டியாஞ்சலி தொடங்கியது. சிவராத்திரிக்குச் சிவராத்திரி நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட வருகிறார்கள், ஆடட்டும், அழகான விழா. ஆனால் யோசித்துப் பாருங்கள். கோயிலில் ஆடுவதையே வாழ்க்கையாகக் கொண்டவள் அங்கே ஆடினால் குற்றம். அவளை வெளியே அனுப்பி ஒரு தலைமுறை கழிந்த பிறகு வேறு வீட்டுப் பெண் அதே கல்தரையில், அதே அடவை, அதே சாமிக்கு ஆடினால் அஞ்சலி! நடராசருக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? விராலிமலை முருகன் கோயிலில் முப்பத்திரண்டு பெண்கள் ஆடினார்கள். அவர்களில் கடைசியாக மிஞ்சிய முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எத்தனை ஆண்டு கழித்து! முப்பத்தொரு பேர் போன பிறகு! வறுமையில் கிடந்த அந்த வீடுகளுக்கு ஒரு பாட்டு வாத்தியார் வேலை, ஓர் ஆட்ட வகுப்பு, ஓர் ஓய்வூதியம் உரிய காலத்தில் போயிருந்தால் கொடுமையும் ஒழிந்திருக்கும், கலையும் உரியவரிடமே இருந்திருக்கும். அதைச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. ஆட்டத்தை எடுத்துக்கொள்ள மட்டும் எல்லாருக்கும் தோன்றியது.

இனிக் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன், வாசலில் நிற்கிற நம்மவர்களுக்கு. செவ்வியல் கலைக்கு இலக்கணம் உண்டு, நாட்டுப்புறக் கலை மனம்போல ஆடுவது என்பார்கள். இதைச் சொல்கிறவர் ஒரு முழு இரவு உட்கார்ந்து கூத்துப் பார்த்திருக்க மாட்டார். வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கூத்துக்காரர் வேடம் போடுவதைக் கிட்டே போய்ப் பாருங்கள். முத்துவெள்ளை குழைத்து, அரிதாரம் பூசி, மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி முடிக்கவே நெடுநேரம் ஆகும். இரண்டு பேர் திரை பிடிக்க, திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் பாடி, காலில் சலங்கை குலுங்க, அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு கிறுகிறுவென்று சுற்றி, சுற்றி முடிகிற இடத்தில் தாளத்தில் பாதம் வைக்க வேண்டும். துரியோதனனுக்கு ஒரு நடை, திரௌபதிக்கு ஒரு நடை, கட்டியக்காரனுக்கு ஒரு நடை. அங்கேயும் அடவுதான் கற்கிறார்கள், வாத்தியாரிடம் அடிவாங்கித்தான் கற்கிறார்கள். விடியும்வரை தொண்டை உடையாமல் பாட வேண்டும். புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையிடம் போய் நவீன நாடகக்காரர்கள் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள், இலக்கணம் இல்லாத இடத்தில் என்ன கேட்டிருப்பார்கள்? பறைக்கு வாருங்கள். வேப்பஞ்சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டி, நெருப்பில் காட்டி, விரலால் சுண்டிச் சுண்டிச் சுருதி பார்க்கிறார்கள். இடது கையில் மெல்லிய சிண்டுக்குச்சி, வலது கையில் அடிக்குச்சி. ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி, வாழ்த்தடி என்று ஒவ்வோர் அடிக்கும் பெயர் உண்டு, எது எங்கே அடிப்பது என்று கணக்கு உண்டு. அடித்துக்கொண்டே ஆட வேண்டும், ஆடிக்கொண்டே வரிசை கலையாமல் திரும்ப வேண்டும். அடிகளுக்குக்கூடப் பெயர் வைத்திருக்கிறார்கள் அய்யா, அடிக்கிறவருக்குத்தான் நீங்கள் பெயர் போட மாட்டேன் என்கிறீர்கள்!

சரி, ஏன் மாட்டேன் என்கிறார்கள்? சொல்லக் கூச்சப்படுவதால் நான் சொல்கிறேன். சாதி. பறை அடிப்பதை ஒரு சாதியின் தலையில் கடமையாகக் கட்டி, சாவுக்கு அடி என்று சொல்லி, அடித்ததற்கு அரிசியை முறத்தில் தள்ளிவிட்ட ஊர்கள் இவை. அந்த அவமானத்தை எதிர்த்து இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்களும் உண்டு, அதே பறையை எடுத்து உரிமைக் குரலாக முழக்கியவர்களும் உண்டு. இரண்டும் நியாயம். 2025-இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வந்தது, பறை அடித்த கைக்கு வந்தது. அதே பட்டியலில் நம் புதுச்சேரித் தவில் வித்துவான் தட்சணாமூர்த்தி பெயரும் இருந்தது. டெல்லிக்காரன் பெயர் கேட்டு எழுதிக்கொள்கிறான், பக்கத்துத் தெருவில் மலர் போடுகிறவருக்குத் தெரியவில்லை. உலகத்தையும் பாருங்கள். பிளமெங்கோ ஸ்பெயினில் ஜிப்சிகள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் வளர்த்த ஆட்டம். டாங்கோ துறைமுகச் சேரிகளில் பிறந்த ஆட்டம், நம்மைப் போலக் கரையோரத்து ஜனங்களுடையது. இரண்டையும் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் சொத்து என்று பட்டியலில் சேர்த்தது. ஸ்பெயின் அரசாங்கம் ஜிப்சியின் பங்கை மறைக்கவில்லை, அர்ஜென்டினாக்காரன் சேரியைச் சொல்லி வெட்கப்படவில்லை. வேரைச் சொன்னால் மரம் சாய்ந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் நம்மூரில்தான் இருக்கிறார்கள்.

நம் அரசாங்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருக்கிற கட்டடம் எது? ஆயி மண்டபம். ஆயி யார்? தாசி. வந்த ராஜா அவள் மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு, தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னார், அவள் தானே இடித்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள், முத்திரைப்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்த கதை அதோடு சேர்ந்தது, பிரெஞ்சுக்காரன் அவள் நினைவாக மண்டபம் கட்டினான் என்று வழிவழியாகச் சொல்கிறோம். ஒரு தாசியின் பெயரைத் தாங்கிய மண்டபத்தை அரசாங்கமே முத்திரையாக வைத்திருக்கிற ஊரில், தாசிகள் கையில் கலை சீரழிந்தது என்று மலர் போட்டு, அதற்கு அரசாங்கத்து வாழ்த்துரையும் வாங்கிப் போட்டிருக்கிறார்களே, வாழ்த்துரை எழுதிய தாளின் தலைப்பையாவது ஒருதரம் பார்த்திருக்கக் கூடாதா? கடற்கரைச் சாலையில் துய்ப்ளேக்சுக்குச் சிலை இருக்கிறது. அம்மணிக்குப் பாரிசில் வார்த்த வெண்கலம் இருக்கிறது, புதுச்சேரியில் ஒரு தெருமுனைப் பலகைகூட இல்லை. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1940-களில் அரிக்கமேட்டைத் தோண்டிய கசால், வீராம்பட்டினம்-அரிக்கமேடு என்று நம் ஊர்ப் பெயரைத் தன் புத்தகத்தின் தலைப்பிலேயே போட்டார். அங்கே கிடைத்த பானை ஓட்டில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் தமிழில் கீறிய எழுத்தைப் படித்துப் பார்த்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். உடைந்த பானைக்குக் கிடைத்த மரியாதையைத்தான் அந்த ஐந்து பெண்களுக்கும் மூன்று வாத்தியக்காரர்களுக்கும் கேட்கிறேன். அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, நம் பிள்ளைகள் நடந்தே போகிற தூரம். ஆட்டம் படிக்க அங்கே நுழைகிற பிள்ளை முதல் நாளே தில்லம்மாள், அம்மணி, ரங்கம், சுந்தரம், வேதம், ராமலிங்கம், சரவணன், தேவநாயகம் என்று எட்டுப் பெயரையும் சுவரில் படித்துவிட்டு உள்ளே போகட்டும். அதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம், ஒரு கல்லும் ஒரு கொத்தனாரும் போதும்.

அரசாங்கத்தைத் திட்டிவிட்டு நம்மை விட்டுவிட்டால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆக மாட்டேன். நம் பக்கத்து ஊர்களின் திருவிழா நோட்டீசை எடுத்துப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய் கொடுத்த உபயதாரர் பெயர், அவர் அப்பா பெயர், அவர் பேரன் படம் வரைக்கும் வருகிறது. சாமியை எழுப்புகிற பம்பைக்காரர் பெயர் வருகிறதா? பம்பை, உடுக்கை, குழுவினர்! அவர் அடிக்காவிட்டால் அம்மன் இறங்க மாட்டாள் என்று நம்புகிறோம், அவர் பெயரைக் கேட்க மட்டும் நமக்கு வாய் வரவில்லை. கவர்னர் வந்து வடம் பிடிக்கிற தேர் இந்த ஊர்த் தேர், பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து நடக்கிறது, அதைப் பெருமையாகச் சொல்கிறோம். தேருக்கு முன்னால் ஆடிக்கொண்டு போனவர்கள் யார் என்று நம் தாத்தாக்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தால் இன்று எவ்வளவு பெரிய சொத்து! அடுத்த ஆடியிலிருந்து நோட்டீசில் ஆடுகிறவர், அடிக்கிறவர், பாடுகிறவர் ஒவ்வொருவர் பெயரும் ஊரும் வர வேண்டும், பேசிய கூலி முழுவதும் ஆட்டம் தொடங்குமுன் கைக்குப் போக வேண்டும் என்று பஞ்சாயத்தார் முன்னால் வேண்டுகோள் வைக்கிறேன். நோட்டீஸ் நீளமாகிவிடும் என்று அச்சகத்துக்காரர் சொன்னால் உபயதாரர் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போடச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இந்த இரவிலேயே அதைத் தொடங்கலாம் என்று விழாப் பொறுப்பாளர்களிடம் கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். அடுத்து மேடை ஏறுகிற கலைஞர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பெயரையும், ஊரையும், சொல்லிக்கொடுத்த வாத்தியார் பெயரையும் தாங்களே மைக்கில் சொல்லிவிட்டுத்தான் ஆடப்போகிறார்கள். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குத் தெருவில் பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மைக்கைக் கொடுத்துவிட்டேன், வாருங்கள் அண்ணே.